சுவர் பார்க்கப் போனவள்

பாண்டிச்செல்விக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சூப்பர்வைசரிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று லீவு வாங்குவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கம்பெனி லைனில் ஆள் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைப்பாள். வந்த வம்பெல்லாம் அதனால் வந்ததுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் தாயாரம்மாள் நடத்துகிற பெண்கள் ஆஸ்டலில் அவள் இருந்தாள். ஒரு காலத்தில் தாயாரம்மாள் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலை நிலம் இருந்தது. நிலம் கம்பெனிக்குப் போனது, பணம் மூன்று மாடியாக எழுந்து நின்றது, மாடிகளில் தெற்கத்திப் பெண்கள் வந்து நிரம்பினார்கள். தாயாரம்மாள்தான் முதலாளி, அவளேதான் வார்டன். ஞாயிறு காலையில் கேட்டை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெளியே போகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி விசாரிப்பாள்.

"எங்கடி?"

"வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக்கா."

"போ. என் முட்டி வலிக்கும் சேத்து வேண்டிக்க."

அந்த ஆஸ்டலிலிருந்து மட்டும் வல்லக்கோட்டை முருகனுக்கு வாராவாரம் அத்தனை பக்தைகள். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்கள். ஒருத்தி பூந்தமல்லியில் சினிமா பார்ப்பாள், இன்னொருத்தி மெரினாவில் ஒருவனோடு சுண்டல் தின்பாள். முருகனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பதால் தன் பெயர் இப்படி அடிபடுவதைக் கண்டுகொள்ளவில்லை போலும்.

பாண்டிச்செல்வி முறை வரும்போதுதான் நாற்காலி முன்னால் நகரும்.

"நீ எங்க?"

"இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்காம் வார்டனக்கா. பாத்துட்டு வாரேன்."

"யாரோட?"

"தனியாத்தான்."

இந்த உலகத்தில் ஒரு பெண் சொல்லி யாரும் நம்பாத ஒரு சொல் உண்டென்றால் அது 'தனியாத்தான்'. தாயாரம்மாளும் நம்பவில்லை.

இந்தப் பழக்கம் வடக்குப்பட்டில் ஆரம்பித்தது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரில் மண்ணைத் தோண்டியபோது ரோமாபுரி ஜாடிச் சில்லுகள் கிடைத்தன என்று யாரோ கம்பெனி பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் அப்படியா என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்கள். இவள் அடுத்த ஞாயிறே ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினாள். அங்கே குழியை மூடியிருந்தார்கள். முள்ளுச்செடியும் அதைத் தின்ன முயன்றுகொண்டிருந்த ஆடுகளும் இருந்தன. ஆடுகளுக்குச் சொந்தக்காரர் கோதண்டராமன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னாமா தேட்ற? கம்பெனியா? அது அந்தாண்ட கீது."

"ரோமாபுரிக்காரங்க சாமான் கெடச்ச எடம்னு சொன்னாவ..."

"அவுங்கல்லாம் போய் எவ்ளோ நாளாச்சு! இப்ப வந்து கேக்கிற?"

சொல்லிவிட்டு அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பாண்டிச்செல்வி அந்தப் பொட்டலில் வேலமர நிழலில் உட்கார்ந்தாள். அங்கே பார்க்க ஒரு மண்ணும் இல்லை. மண் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஊரைவிட்டு வந்த பிறகு முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு விடவில்லை. கல்பாக்கம் தாண்டி சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டை. கடப்பாக்கத்தில் இறங்கி வெயிலில் நடந்துபோனால் கடலோரம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை. வயல் வரப்பு, உப்பளம், சவுக்குத் தோப்பு என்று வழியில் எது வந்தாலும் நடப்பாள். பொரி உருண்டையும் தண்ணீர் பாட்டிலும் பையில் இருந்தால் போதும். கடைசியாகப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. ரோமாபுரிக் கப்பல்காரர்களோடு வியாபாரம் நடந்த துறைமுகமாம். போய்ப் பார்த்தால் அங்கேயும் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு குழிகளை மூடியாகிவிட்டது. ஆற்றோரம் நிமிர்ந்து நிற்பது பின்னால் வந்த பாதிரிமார்கள் கட்டி, அவர்களும் விட்டுவிட்டுப் போன கட்டடத்தின் செங்கல் சுவர். ரோமாபுரி விஷயத்தில் அவளுக்கு ராசியே இல்லை. இருந்தும் அந்தச் சுவர்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்தது.

அறைத்தோழி ரஞ்சனியிடம் வந்து வாய் ஓயாமல் சொன்னாள். ரஞ்சனி விருதுநகர்ப் பக்கம். வல்லக்கோட்டைக்கு அதிகமாகப் போகிற பக்தை அவள்தான். அவளுடைய முருகனுக்குப் பெயர் பிரவீன். பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"சொவரு கெடக்கட்டும். அங்க ஆள் நடமாட்டம் இருக்குமா?"

"காக்கா கூட வராதுளா."

ரஞ்சனி அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். உண்மையில் அந்த ஆஸ்டலின் காதல் எல்லாம் பாண்டிச்செல்வி கண்டுபிடித்துச் சொன்ன இடங்களில்தான் வளர்ந்தது. அது அவளுக்கே தெரியாது. மனித வாசனை இல்லாத இடங்களைப் பற்றி அவ்வளவு விவரம் வேறு யாரிடம் கிடைக்கும்?

இதற்கிடையில் தாயாரம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. போனை எடுத்துச் சங்கரன்கோவிலுக்குப் போட்டாள்.

"பாண்டிச்செல்வி அப்பாவா? ஆஸ்டல்லேர்ந்து பேசறேன். ஒங்க பொண்ணு ஞாயித்துக்கெழமயானா எங்கியோ போய்கினு கீது. கேட்டா சொவரு பாக்கப் போறேன்னுது. நம்பற மாரியா கீது? வந்து இன்னா ஏதுன்னு பாருங்க. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா எம் பேருதான் கெடும்."

இசக்கிதுரை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். மகளிடம் போனில் சொன்னதும் கொஞ்சம்தான்.

"ஞாயித்துக்கெழம வாரேன். நீ போற எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. அங்க எவனாவது இருந்தான்னா அப்பிடியே பெட்டியக் கட்டிரணும். ஒங்க அத்தை இன்னைக்கும் கேட்டா."

அத்தை கேட்டது தன் மகன் நெல்லையப்பனுக்கு. உரக்கடை வைத்திருந்தான். அவனைப் பாண்டிச்செல்விக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கவோ பிடிக்காமல் போகவோ அவனிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கட்டிக்கொண்டால் வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போகும். இத்தனைக்கும் காதலித்துவிட்டு மாட்டியிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. ஒருவனையும் ஏறிட்டுப் பாராமல் மாட்டிக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிறு மூன்று பேரும் கிளம்பினார்கள். ஆம், மூன்று பேர். தாயாரம்மாள் சமையல்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, "கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஆவும்" என்று சேர்ந்துகொண்டாள். செங்கல்பட்டில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் பாண்டிச்செல்விக்கு ஒன்று உறைத்தது. காலையில் இவர்களுக்கு முன்பே ரஞ்சனி கிளம்பிவிட்டாள். இவர்கள் அரிக்கமேட்டுக்குப் போகிற விஷயம் அவளுக்குத் தெரியாது. வல்லக்கோட்டை என்றுதான் சொன்னாள். ஆனால் படி இறங்கும்போது இவளைப் பார்த்துக் கண்ணடித்தாளே!

மெசேஜ் அனுப்பினாள். போகவில்லை. பிரவீனோடு வெளியே போகும்போது ரஞ்சனி போனை அணைத்துவிடுவாள், வீட்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள் என்று. பக்கத்து சீட்டில் தாயாரம்மாள் அவள் தோளிலேயே சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தாள். திண்டிவனம் தாண்டும்போது பாண்டிச்செல்வி அந்த வல்லக்கோட்டை முருகனையே உண்மையாக வேண்டிக்கொண்டாள்.

அரியாங்குப்பத்தில் இறங்கி நடந்தார்கள். தென்னையும் மாமரமுமாக வழி நிழலாக இருந்தது. தாயாரம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே வந்தாள். சுவர் தெரிந்ததும் நின்றுவிட்டாள்.

"இதான்?"

"இதான் வார்டனக்கா."

"இதுக்கு மேல கூரை இல்ல?"

"இல்லக்கா."

"அடிப்பாவி! எங்க மாட்டுக்கொட்டா கூட இதவிட நல்லா கீது. அத்தப் பாக்க ஒருத்தியும் வர்ல."

மாமரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். இசக்கிதுரை உட்காரவில்லை. அவர் வந்த வேலை வேறு. சுவர் பக்கம் நடந்தார். ஒரு ஆள் ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் சுவருக்குப் பின்னால்தானே ஒளிவான். பாண்டிச்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

சுவரைத் திரும்பியதும் இருந்தார்கள். ரஞ்சனியும் பிரவீனும் பொட்டலத்தைப் பிரித்துவைத்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊட்டிவிடப் போன கை பாதியில் நின்றது. ரஞ்சனியின் முகம் வெளுத்துப்போனது. பிரவீன் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் குந்தியபடியே வணக்கம் வைத்தான்.

"இன்னாணே," மாமரத்தடியிலிருந்து தாயாரம்மாளின் குரல் வந்தது. "எவனாச்சும் கீறானா?"

ஒரு விரலை நீட்டினால் போதும். இதோ ஜோடி, நான் தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னால் பாண்டிச்செல்வி தப்பித்துவிடலாம். நெல்லையப்பனும் உரக்கடையும் மறைந்துபோவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இசக்கிதுரை அந்தப் பையனைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். தன் மகளைப் பார்த்தார். பிறகு கையை வாயில் குவித்துக் கத்தினார்.

"பாம்பு கெடக்கும்மா! பெரிய நல்லபாம்பு! இந்தப் பக்கம் வந்துராதிய!"

முட்டி வலிக்காரியான தாயாரம்மாள் அன்றைக்கு எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்காக இனிமேல் யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

அங்கிருந்து நேரே வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். தாயாரம்மாள் பட்டுப் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்று, பாம்பையும் மறந்து, ஊர்ப்பட்ட சங்கு பொறுக்கினாள். அப்பாவும் மகளும் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க ஏம்ப்பா பாம்புன்னு சொன்னிய?"

"பொறவு என்ன செய்ய? அந்தப் புள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பாம்லா. அவனையும் பஸ் ஏத்தி வரவைக்கணுமா? வந்த பஸ்ஸுல எனக்குச் சீட்டே சரியில்ல." செருப்பைக் கழற்றி மணலை உதறினார். "நெசத்தச் சொல்லு. நீ எதுக்கு இங்கன வார?"

பாண்டிச்செல்வி யோசித்துப் பார்க்கவில்லை. மனதில் இருந்தது அப்படியே வந்தது.

"லைன்ல நின்ன எடத்துல நிக்கேன். ஒண்ணு முடிக்கதுக்குள்ள அடுத்தது வந்துருது. ரூமுக்கு வந்தா ஆறு பேரு. ஊருக்கு வந்தா கல்யாணம் எப்பன்னு கேக்காவ. இங்கன எல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா. யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. எனக்கு அது பிடிச்சிருக்கு."

விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய், பூ வாடுவதற்குள் எடை போட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்கி, மறுநாள் அதையே செய்கிற மனிதர் இசக்கிதுரை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒங்க அத்தைகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஊர்ல கேட்டா கோயிலுக்குப் போறான்னு சொல்லிருதேன். நீ சொன்னத எவனும் நம்ப மாட்டான்."

பாண்டிச்செல்வி பிழைத்தாள். ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாயாரம்மாள் ஆஸ்டலுக்குத் திரும்பி, சங்குகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களையும் கூட்டி உட்காரவைத்து முழங்கினாள்.

"பாண்டிச்செல்வியப் பாத்துக் கத்துக்கங்கடி! பொண்ணு போற எடத்துல ஒரு ஈ காக்கா இல்ல. சொவரும் பாம்புந்தான். நானே கண்ணால பாத்தேன். எத்தினி ஒழுக்கமான பொழுதுபோக்கு!"

அடுத்த ஞாயிறு கேட்டில் வல்லக்கோட்டைக்கு யாருமே இல்லை. ரஞ்சனி உட்பட எல்லாரும் சுவர் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி சதுரங்கப்பட்டினம், ஒருத்தி ஆலம்பரை, ஒருத்தி அரிக்கமேடு. தாயாரம்மாள் எல்லாரையும் சிரித்த முகமாக அனுப்பிவைத்தாள். அதன்பிறகு பாண்டிச்செல்வி எந்தக் கோட்டைக்குப் போனாலும் எந்தச் சுவருக்குப் பின்னாலும் தன் ஆஸ்டல்காரி ஒருத்தி ஒருவனோடு உட்கார்ந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தாள். "வாளா, நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்று கூப்பிடவும் செய்தார்கள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. தானே வாயைவைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இனிமேல் ஆஸ்டல் ஆள் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று அவளுக்குப் பட்டது. ஒரு ஞாயிறு குளித்துத் தலைவாரிக் கேட்டுக்கு வந்தாள்.

"எங்கடி?"

"வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வார்டனக்கா."

தாயாரம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள்.

"கோயிலா? நீயா? யாரோட?"

"தனியாத்தான்."

"யாருடி அவன்?"

சங்கரன்கோவிலுக்குப் போன் பறந்தது. ஸ்பீக்கரில் இசக்கிதுரையின் குரல் கணீரென்று வந்தது. "கோயிலுக்கா போறா? எம் மகளா? சந்தேகமாத்தாம்மா இருக்கு. நேர்ல வந்து பாத்தாத்தான் தீரும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அவள எங்கயும் விடாதிய. போன அவகிட்ட குடுங்க, நாலு வார்த்த கேக்கணும்."

பாண்டிச்செல்வி ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தாள். அப்பாவின் குரல் தணிந்துவிட்டது.

"ஏளா, நீ ஒண்ணும் நெனைக்காத. ஒன்மேல சந்தேகம்னு சொன்னாத்தான் கடையில லீவு தருவான், ஒங்கம்மையும் விடுவா. சும்மா பாத்துட்டு வாரேன்னா நம்புவாவளா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தச் சொவத்துக்கு அங்கிட்டு ஒரு ஆறு போச்சே. அதுக்கு அக்கரையில என்ன இருக்குன்னு பாத்தியா?"

"பாக்கலப்பா."

"பாத்துருவோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது தாயாரம்மாள் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சொல்றாரு?"

"ரொம்பக் கோவமா இருக்காவ. வாராவளாம்."

"வரட்டும், வரட்டும். நானும் வராம வுட மாட்டேன்" என்று கறாராகச் சொன்ன தாயாரம்மாள், சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, அடுத்த ஞாயிற்றுக்குப் புளிசாதம் கட்டி வைக்கும்படி குரல் கொடுத்தாள்.