கெசையாவின் தடுக்கப்பட்ட ஓலை

ஹேசல் கட்ஃபோர்த் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பின் சீட்டில் எந்தப் பிள்ளை சேட்டை செய்தாலும் கண்ணாடியைப் பார்க்காமலே பேர் சொல்லி அதட்டுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வம்சத்தில் ஒரே ஒரு பேர் மட்டும் பிடிபடவில்லை. அவள் தாத்தாவின் தாத்தா ஆமோஸுக்கு அப்பா யார்?

இங்கிலாந்தில் அவள் ஊரான மார்ல்பியின் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில், 1826 மார்ச்சில், 'ஆமோஸ், கெசையா கட்ஃபோர்த்தின் மகன்' என்றிருக்கிறது. அப்பா பேர் காலி. அந்தக் காலியிடத்தில் ஊர் ஒரு கதையை நட்டு வளர்த்துவிட்டது: வழிப்போக்கனான ஒரு சிப்பாய், ஒரே ஒரு ராத்திரி. கதையை அதிகம் பரப்பியது பெரிய பண்ணைக்காரர்களான தார்ப் குடும்பம். கெசையா வேலைக்காரியாக இருந்ததும் அவர்கள் வீட்டில்தான். இப்போது கோயிலில் ஊர் வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். எழுதுகிற ராட்னி தார்ப் சிப்பாயையும் சேர்த்துவிட்டான்.

"ஊருக்கே தெரிஞ்சதுதானே ஹேசல்? ஜனங்க ரசிப்பாங்க."

"உன் தாத்தா குடிச்சிட்டு வாய்க்கால்ல விழுந்தாரே, அதையும் எழுது. இன்னும் நல்லா ரசிப்பாங்க."

அறுவடைத் திருநாளுக்குள் ஆதாரம் வந்தால் மாற்றலாம் என்றார் பாதிரி பிலிப்பா அம்மா. இல்லையென்றால் நடத்தை கெட்டவள் என்ற பட்டத்தோடு கெசையா கோயில் சுவரில் ஏறிவிடுவாள். ஹேசல் கிளம்பிவிட்டாள். லிங்கன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மார்ல்பியின் பதிவேடுகளைப் புரட்டினாள். கண் பூத்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு, பிலிப்பா ஏதோ ஒரு ஜோடிக்கு, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்கிற கல்யாண ஓலையில் மூன்றாவதை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டதும் வழக்கம்போல எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். எவனோ இருமினான். கோயிலே சிரித்தது. ஹேசல் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் நடந்த கல்யாணத்தையே தேடினோமே, நடக்காமல் போனதைத் தேடினோமா?

மறுநாளே மார்ல்பியின் பழைய ஓலைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். 1825, நவம்பர். ஜேபஸ் தார்ப், கெசையா கட்ஃபோர்த். இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு நேரே அன்றைய பாதிரியின் கோணல் கையெழுத்து: 'மகனுக்கு இருபத்தொரு வயதாகவில்லை என்று தகப்பன் எழுந்து தடுத்தார்.'

ஹேசல் விடவில்லை. ஜேபஸுக்கு அந்த வயது ஆனது அடுத்த ஜூனில். ஜூலையில், லிங்கன் நகரத்துக் கோயில் ஒன்றில், தகப்பன் காதுக்கு எட்டாத தூரத்தில், மூன்று ஓலையும் தடையின்றி வாசிக்கப்பட்டிருந்தன. அந்த மாதமே கல்யாணம். கெசையா கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். வந்துவிட்டானே, சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டானே! ஹேசல் காப்பகத்திலேயே மேசையைத் தட்டிவிட்டாள். அடுத்த வருஷம் ஜேபஸ் காய்ச்சலில் போய்விட்டான் என்று அதே கோயிலின் அடக்கப் பதிவேடு சொன்னது. மகனோடு ஊர் திரும்பியவளை மருமகள் என்று சொல்ல மனமில்லாமல்தான் தார்ப் வீட்டார் சிப்பாயைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.

பலகைக் கமிட்டியின் முன் நகல்களை விரித்ததும் ராட்னியின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"எப்பவோ நடந்த சங்கதி. கல்யாணத்தத் தடுத்த எங்க கிழவன் மானத்த ஏன் வாங்குற? பேசாம கெசையா, ஜேபஸ் ரெண்டு பேரையுமே பலகையில விட்டுருவோம்."

"விடறதா? இருநூறு வருஷமா வெட்கம் எங்க வீட்ல குடியிருந்துச்சு ராட்னி. இனி கொஞ்ச நாள் உங்க வீட்ல இருக்கட்டும். நீயும் இப்ப சொந்தக்காரன்தானே, பங்கு வேணாமா?"

பிலிப்பா வாய்விட்டுச் சிரித்தார். அறுவடைத் திருநாளன்று பலகை சுவரேறியது: 'ஜேபஸ் தார்ப், அவர் மனைவி கெசையா, அவர்கள் மகன் ஆமோஸ்.' எழுதியது ராட்னியின் கைதான்.