சேற்றிலிருந்து வந்த இறக்கை

ரப்பர் விலை விழுந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வரிசையில் வீடு வீடாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ஆட்குறைப்பில் அவருக்கும் வேலை போய்விட்டது. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் குடும்பம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி தன் அம்மிக்கல்லை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். நானும் தகரப்பெட்டியில் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்திருந்தேன். நான் இந்த மண்ணில் பிறந்தவள். இந்தியா எனக்கு என் மாமியார் பேச்சில் வரும் ஓர் இடம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு காலையில், பட்டறையில் இவரோடு வேலை செய்த ஒருவர் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"அண்ணன் இருக்காரா அக்கா? தொரையோட ஏரோப்ளேன் ராத்திரி அடிச்ச காத்துல கடல்ல முழுகிப்போச்சு. தூக்கி ரிப்பேர் பண்ண ஆளு வேணுமாம். அண்ணனைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

நான் அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்: "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஜாகாக்காரரு செத்துட்டாருக்கா. ப்ளேனுக்குக் காவல் இருந்தவரு. நம்ம ஆளுதான். காலைல கண்டல் காட்டுல மலாய்க்காரங்க பாத்து எடுத்தாங்க."

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் தகரப்பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டேன். அந்த மனிதரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

துரை கிள்ளான் பக்கத்து எஸ்டேட் முதலாளி. ஜெர்மன் சண்டையில் ஆகாயப்படையில் இருந்தவர். அந்தச் சண்டையில் தான் ஓட்டிய மாதிரியே ஒரு பழைய விமானத்தை எங்கேயோ தேடிப்பிடித்து, கப்பலில் வரவழைத்திருந்தார். அதற்குச் சக்கரம் கிடையாது. ஓடம் போல இரண்டு மிதவைகள் இருக்கும். தண்ணீரில்தான் இறங்கும், தண்ணீரிலிருந்துதான் ஏறும். இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோமே, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம், அங்கே கழிமுகத்தில் அதைக் கட்டிப் போட்டிருந்தார்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி விமானத்துக்குக் கயிறு கட்டினார்களாம். கயிற்றின் மறுமுனை சரக்கேற்றும் இரண்டு தொங்கான் படகுகளில். ஓதம் பெருகித் தண்ணீர் ஏற ஏறப் படகுகள் எழும்பும். அவற்றோடு விமானமும் சேற்றை விட்டுக் கொஞ்சம் எழும்பும். உடனே கரைப் பக்கம் இழுத்துவிடுவார்கள். மறுபடி தண்ணீர் வற்றும்வரை காத்திருப்பார்கள். இவர் வீட்டுக்கு வரும்போது காது மடலில்கூடச் சேறு காய்ந்திருக்கும். அந்தச் சேற்றை நான் தேய்த்துக் கழுவுவேன். உலையில் அரிசி கொதிக்கும் சத்தம் கேட்கும். அது சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது கூச்சமாகவும் இருந்தது.

கரையேறிய விமானத்தைக் கழற்றி, கூட்ஸ் வண்டியில் ஏற்றி, எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு காற்றுப் பட்டதும் அரிக்க ஆரம்பித்துவிடும் என்று எஞ்சினை நல்ல தண்ணீரில் அலசி எண்ணெயில் ஊறவிட்டார்கள். இறக்கைகள் மரச்சட்டமும் துணியும்தான். துணிக்குத் தையல் வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சீனத் தையற்காரரைக் கேட்டதற்கு, ஆள் செத்த சாமானைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "என் வீட்டுக்காரி தைப்பா" என்று இவர் சொல்லியிருக்கிறார். வரிசை வீடுகளில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தவள் விமானத்துக்குத் துணி தைக்கப் போனேன்.

சண்டையில் குண்டு துளைத்த இடங்களில் அந்தக் காலத்திலேயே வட்ட வட்டமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். மற்ற துணியெல்லாம் புதிதாக இருக்கலாம், அந்த ஒட்டுகள் மட்டும் பழையபடியே இருக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. அவற்றைப் பதமாக வெட்டியெடுத்துப் புதுத் துணியில் பொருத்தித் தைத்தேன்.

இடது பக்கக் கீழ் இறக்கைதான் ரொம்ப மோசம். சேறு காய்ந்து சுவர்ப்பூச்சு போல ஏறியிருந்தது. தேங்காய் நாரை நனைத்து மெல்லத் தேய்த்தேன். சேறு கரையக் கரையத் துணியில் கீறல்கள் தெரிந்தன. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் கட்டத்துக்கு ஒன்றாக, ஒரே வாட்டத்தில், நேர்க்கோடாக இருந்தன.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"கிழிஞ்சதில்ல. கத்தியால வெட்டுனதுலா இது" என்றார்.

"யாருங்க கிழிச்சிருப்பா?"

அவர் ஒவ்வொரு கீறலாகத் தொட்டு எண்ணினார். அன்று சாயங்காலம் துரை வந்ததும் அவரை நேரே அந்த இறக்கையிடம் கூட்டிப்போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காவல்காரர் விமானத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டார், அதனால்தான் விமானம் கவிழ்ந்தது என்று துரை போலீசில் சொல்லியிருந்தார். எல்லோரும் அதை நம்பினார்கள். அந்த மனிதரின் மனைவியும் பிள்ளையும் துரையின் படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசையில் இருந்தார்கள். தூங்கி வேலையைக் கெடுத்தவன் குடும்பத்துக்கு இங்கே இடமில்லை என்று, காலி செய்யச் சொல்லியாயிற்று.

துரை கீறல்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். எஸ்டேட்டில் கற்ற தமிழில் சொன்னார்: "நான்தான் சொன்னது. காத்து பெருசா வந்தா இறக்கைத் துணியைக் கிழின்னு நான்தான் அவன்கிட்ட சொன்னது. காத்து உள்ளே பூந்து போயிடும், ப்ளேன் கவுறாது. சண்டையிலே நாங்க செஞ்சது." தொப்பியைக் கையில் திருப்பினார். "அவன் தூங்கல்லே. இந்தப் பக்கம் வெட்டி முடிக்கறதுக்குள்ளே கவுந்துடுச்சு."

குடிசையைக் காலி செய்ய வேண்டாம் என்று மறுநாளே ஆள் போனது. என்னிடம் அவர் சொன்னது வேறு: "இதையும் அப்படியே வைக்கணும். குண்டு ஓட்டை மாதிரி."

அந்தக் கீறல்களின் ஓரம் பிரியாதபடி, பொத்தான் துளைக்குத் தைப்பதுபோல் சுற்றிலும் நெருக்கித் தைத்தேன். அந்தக் காவல்காரரின் மனைவிக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. உன் புருஷன் தூங்கவில்லை, கடைசிவரை வேலையைப் பார்த்திருக்கிறார் என்று சொன்னால் அவளுக்குத் தலை நிமிரும் என்று நினைத்தேன். நல்ல செய்தி கொண்டுபோவதாகத்தான் நினைத்தேன். இவரிடம் சொல்லியனுப்பினேன்.

அந்த அக்கா ரயிலில் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். வெள்ளைச் சேலை. இடுப்பில் பெண்குழந்தை. கொட்டகைக்குள் வந்ததும் விமானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "அந்த இறக்கை எங்க, புள்ள?" என்றார்.

காட்டினேன். அவர் ஒரு கீறலுக்குள் கையை விட்டார். முழங்கைவரை போனது.

"இது அவரு வெட்டுனதா?"

"ஆமாக்கா. தூங்கிட்டாருன்னு சொன்னதெல்லாம் பொய்யி. ப்ளேனைக் காப்பாத்தத்தான் வெட்டியிருக்காரு. தொரையே சொல்லிட்டாரு."

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. பிள்ளை அவருடைய தாலியில்லாத கழுத்தைப் பிடித்து இழுத்தது.

"தூக்கத்துலயே போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார். "அத நெனச்சுத்தான் நானும் ராத்திரியில கண்ண மூடுவேன். தூக்கம்னா என்ன, வலிக்கவா போகுதுன்னு."

பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இருட்டுல, காத்துல, தனியா ஒண்ணு ஒண்ணா வெட்டிக்கிட்டு... யாரைக் கூப்ட்டாரோ."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். இவர் ஸ்டேஷன்வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்தார். அன்றைக்கு என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

விமானம் தயாரானது. துணிமேல் பூசிய வார்னிஷ் காய்ந்து, இறக்கை தப்பட்டை போல விறைத்து நின்றது. அது மறுபடி பறக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பொருட்காட்சியில் பந்தல் போட்டு நிறுத்தினார்கள். என் பிள்ளைகள் நச்சரித்ததால் நானும் போனேன். துரை நாலு வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து அந்தக் கீறலில் விரலை விட்டுக் காட்டி ஏதோ விளக்கினார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வேலையில் இவர் காட்டிய சுத்தத்தைப் பார்த்து, துரை தன் எஸ்டேட் இயந்திரங்களைக் கவனிக்க இவரை வைத்துக்கொண்டார். நாங்கள் கப்பலேறவில்லை. என் பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள். ஒரு ராத்திரிக் காற்று அடிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை. இதை என்னால் எவரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சொன்னால், நீ என்னம்மா செய்வாய் என்பார்கள். அதுவும் சரிதான்.

அந்த அக்கா துறைமுகத்திலேயே இருந்து பிள்ளையை வளர்த்தார். மகளுக்குக் கல்யாணம் கூடியபோது ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு என்னைத் தேடிவந்தார். தைத்துக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் வேணாங்குற? நீ என்ன தப்புப் பண்ண எனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"அப்போ வாங்கு."

வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். போனோம். பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவரே பாயசம் ஊற்றினார்.