செத்தவீட்டில் சொல்லக்கூடாத சொல்

குருநகரில் சிசிலியாவைப் பற்றி விசாரித்தால், "ஆர், அந்தச் சங்கக்காரியோ?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்பார்கள். எங்கள் ஊரில் கோயிலுக்குச் சங்கம் வைக்கலாம், வாசிகசாலைக்கு வைக்கலாம், கனடாவிலிருக்கும் பழைய மாணவர்கள்கூட வைக்கலாம். கூலிக்கு நண்டு உடைக்கிற பெண்கள் வைத்தால் மட்டும் அது ஊரைக் கெடுக்கிற வேலை.

அவள் கடலுக்குப் போய்த் திரும்பாத சூசைதாசனின் மகள். யுத்த இடப்பெயர்வில் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்து, திரும்பி வந்து, கலியாணம் கட்டி, புருஷனையும் கடலுக்கே பறிகொடுத்தாள். பிறகு நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போனாள். அவித்த நண்டை உடைத்துச் சதையெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி அது. விரல் நுனியெல்லாம் ஓடு கீறிய காயம். கக்கூசுக்குப் போவதென்றாலும் மேற்பார்வைக்காரன் தலையாட்ட வேண்டும். ஒருநாள் அவன் தங்கமுத்துவுக்குத் தலையாட்டவில்லை. தங்கமுத்து சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரப் பெண், எதிர்த்து ஒரு சொல் பேசத் தெரியாதவள். இருந்த இடத்திலேயே அழுதாள்.

சிசிலியா கத்தியை வைத்துவிட்டு எழும்பினாள். "எங்கள் எல்லாருக்கும் இப்ப வருது, தம்பி."

மேசை மேசையாக எழும்பி எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். சங்கம் தொடங்கியது அந்தக் கக்கூஸ் வரிசையில்தான்.

அதன் பிறகு அவள் பிடித்துக்கொண்டது பின்கதவை. பெண்கள் சதையைக் களவாடிக்கொண்டு போவார்களாம் என்று முதலாளி சண்முகநாதன் வேலை நேரத்தில் அதற்கு ஆமைப்பூட்டுப் போட்டு வைத்திருந்தார். முன்கதவோடு ஒட்டி ஐஸ் அறை. அதன் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. முன்பொருமுறை கசிந்தபோது மூக்கெரிய பின்கதவுக்கு ஓடி, பூட்டைப் பார்த்துக் கதறியிருக்கிறார்கள்.

"பூட்டைக் கழட்டுங்கோ ஐயா. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்" என்றாள் சிசிலியா. அவர் சிரித்தார். அவள் வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் பேசி அனுப்பினாள். மறுநாள் கம்பனி பஸ் ஒழுங்கை முகப்பில் நின்று ஹோர்ன் அடித்தது, ஒருத்தியும் ஏறவில்லை. நண்டு நாறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பூட்டுக் கழன்றிருக்கும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் தாய் இறந்துபோனார்.

எங்கள் சனம் கலியாணத்துக்குப் போகாமல் விடும், செத்தவீட்டுக்குப் போகாமல் விடாது. வேலிச் சண்டைக்குக் கோடேறி வழக்காடினவனும் வந்து கதிரையில் குந்துவான். சிசிலியாவும் யாரையும் தடுக்கவில்லை.

"எல்லாரும் போவம். போகாட்டி நாங்கள் மனுசரில்லை. ஆனால் அங்கை ஒருத்தியும் 'வாறம்' எண்டு சொல்லப்படாது, விளங்குதோ?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது 'போட்டு வாறன்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழும்பி நடக்க வேண்டியதுதான். முதலாளி என்ன கேட்டாலும் வாயை மூடிக்கொள்ள வழக்கமே அவர்களுக்குத் துணை. கெட்டிக்காரி, சும்மா சொல்லக்கூடாது.

அவர்கள் கிளம்பியபோது சண்முகநாதன் வாசல் படலையில் நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பொய்யழுகை இல்லை.

"அம்மாவும் போயிட்டா. நீங்களும் விட்டிட்டால் நான் என்ன செய்ய? நாளைக்கு வருவியள்தானே, பிள்ளையள்?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தங்கமுத்துவுக்குத்தான் தாளவில்லை.

"வாறம் ஐயா."

சொன்ன கையோடு வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்வது? செத்தவீட்டில் கொடுத்த வாக்கை யார் மீறுவார்கள்? மறுநாள் பஸ் நிறைந்து போனது. சிசிலியா அவளை ஏசவில்லை. தானும் ஏறினாள். "உவளவை உள்ளை இருக்கேக்கை நான் வெளியிலை நிண்டு என்ன செய்யிறது?" என்றாள். பூட்டு அப்படியே தொங்கியது.

மாரி தொடங்கிய கிழமை ஐஸ் அறைக் குழாய் வெடித்தது. முன்கதவுப் பக்கம் போக முடியாத புகை. சிசிலியா ஒரு இரும்பு அலவாங்கைத் தேடியெடுத்துப் பின்கதவுப் பூட்டை அடித்து உடைத்தாள். எல்லோரும் வெளியே விழுந்தடித்து ஓடினார்கள். தங்கமுத்துவைக் காணவில்லை என்றதும் அவள் திரும்பி உள்ளே போனாள். இழுத்துக்கொண்டும் வந்தாள். ஆனால் சிசிலியாவின் நெஞ்சு அமோனியாவில் வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தாள்.

அவளுடைய செத்தவீட்டுக்குக் கொட்டகையும் கதிரையும் அனுப்பியவர் சண்முகநாதன். நேரிலும் வந்தார். "பெரிய மனுசன், பாருங்கோ, வந்திட்டார்" என்று சனம் மெச்சியது. கம்பனிப் பின்கதவில் அதற்குள் புதுப் பூட்டுப் போட்டாயிற்று என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் படலைக்கு நடந்தார். சவப்பெட்டியடியிலிருந்த தங்கமுத்து எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். புகை குடித்த தொண்டை இன்னும் கரகரத்தது.

"ஐயா, நாளைக்கு நாங்கள் வரமாட்டம்."

செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதென்று எங்கள் ஊரில் ஒரு வழக்கமும் இல்லை. அவர் அனுப்பிய கதிரைகளிலிருந்து ஒவ்வொருத்தியாக எழும்பி அவள் பின்னால் வந்து நின்றார்கள்.