முத்துலிங்கம் மஞ்சளாகி வந்த காலை

உடையார்கட்டில் முத்துலிங்கத்துக்குத் தெரிந்த எந்தக் கதையும் ஊருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சாவகச்சேரியிலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் எடுத்த நாள் முதல் அந்த மனிதருடைய வாய் ஓய்ந்ததே கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரேயொரு சங்கதியை மட்டும் மூன்று வருடமாக வயிற்றுக்குள் பூட்டி வைத்திருந்தார். அவருக்கு நீரிழிவு. மனைவி இரஞ்சிதத்தைத் தவிர ஈ காக்கைக்கும் தெரியாது.

எல்லாம் மகள் விமலேஸ்வரிக்காகத்தான். தகப்பனுக்குச் சீனி வருத்தம் என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசல் படலையோடு திரும்பிவிடுவார்கள். துணுக்காயிலிருந்து ஒரு நல்ல இடம் பொருந்தி வந்திருந்தது. பெடியனும் பெட்டையும் கோயில் திருவிழாவில் பார்த்துச் சிரித்துக்கொண்டதாகவும் கேள்வி. அதைக் கெடுப்பதற்கு முத்துலிங்கத்துக்கு மனம் வருமா? கலியாண வீடுகளில் பாயாசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்து இரஞ்சிதத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில் அவர் கண்ணுக்கு முன்னால் நுளம்பு பறக்கத் தொடங்கியது. அடித்தாலும் சாகாத நுளம்பு; வெறும் கறுப்புப் புள்ளிகள். கொழும்புக்குப் போய்க் கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்துவரும்படி டொக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் இறைக்கிற மெசினுக்குச் சாமான் வாங்கப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார் முத்துலிங்கம்.

கொழும்பு ஆசுப்பத்திரியில் சனம் கூடியதால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை கையில் ஊசி போட்டு மஞ்சள் மருந்து ஏற்றினார்கள். பிறகு முகத்தை நீட்டி நாடியைத் தாங்கியில் வைத்து, பெரிய கமராவுக்குள் பார்க்கச் சொன்னார்கள். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

“மருந்து ரத்தத்தோடை கண்ணுக்குள்ளை ஓடேக்கை படம் எடுக்கிறம். எந்தக் குழாய் கசியுதெண்டு அதிலை தெரிஞ்சிடும்” என்றார் கண் டொக்டர்.

முத்துலிங்கத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வரம்பில் எலி வளை எங்கே இருக்கிறதென்று தண்ணீர் விட்டுப் பார்த்தால்தானே தெரியும்! படத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிவு தெரிந்தது. நேரத்தோடு வந்தபடியால் ஒளிக்கதிர் பாய்ச்சி அடைக்கலாம், அடுத்த மாதம் வாருங்கள் என்றார் டொக்டர். நாளை வரைக்கும் தோல் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கண் தப்பிய சந்தோசப் புளுகத்தில் அது முத்துலிங்கத்தின் காதில் சரியாக ஏறவில்லை.

இரவு மெயில் ரயிலில் கிளிநொச்சிக்கு வந்து, பஸ் பிடித்து, காலையில் வீட்டை அடைந்தபோது படலையில் கார் நின்றது. துணுக்காய்க்காரர் பெண் பார்க்க வரும் நாள் அது. மாப்பிள்ளையின் தகப்பன் சிற்றம்பலத்தார் மனைவியோடு விறாந்தையில் இருந்தார். முத்துலிங்கம் கும்பிட்டுவிட்டு அவருக்கு எதிர்க் கதிரையில் அமர்ந்து மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சிற்றம்பலத்தாரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். அவர் மனைவியின் கண் பெண் வரும் வாசலிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா வடைத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ அண்ணை, செங்கமாரி! ஆள் முழுக்க மஞ்சளாக் கிடக்கு!”

முத்துலிங்கம் நல்ல வெள்ளைத் தோல்காரர். மஞ்சள் அவரில் பூசினாற்போல் எடுப்பாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய் கதிரையைப் பின்னால் இழுத்தாள். காமாலையில் ஆளின் ஈரல் முடிந்துவிட்டது என்று தங்கம்மா தீர்ப்பே சொல்லிவிட்டு, கீழ்க்காய்நெல்லி பிடுங்கக் கொல்லைக்கு ஓடினாள். குசினிக்குள்ளிருந்து விமலேஸ்வரி அழுதுகொண்டு வந்தாள். மகளின் அழுகையைக் கண்டதும் முத்துலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

“அழாதை பிள்ளை. செங்கமாரி இல்லை. எனக்கு மூண்டு வருசமாச் சீனி வருத்தம். கண்ணைப் படம் எடுக்க ஊசி போட்டவங்கள், அதுதான் இந்த மஞ்சள்.” பிறகு வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “உங்களுக்கு மறைச்சது என்ரை பிழை. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை.”

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தார். எல்லாரும் சிற்றம்பலத்தாரைப் பார்த்தார்கள். அவர் முன்னே குனிந்து முத்துலிங்கத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மஞ்சளோ? எங்கை மஞ்சள்?”

“என்னப்பா, முன்னாலை இருக்கிற ஆள் உங்களுக்குத் தெரியேல்லையோ?” என்றாள் மனைவி.

சிற்றம்பலத்தார் மனைவியின் பக்கம் திரும்பினார். “குரல் கேக்குது. முகம் தெரியேல்லை” என்றார். “எனக்கும் சீனிதான். ஒரு வருசமாக் கண் மங்கிக்கொண்டு வருது. சொன்னால் எங்கடை பெடியனுக்கு ஆர் பெண் தருவினம் எண்டு உன்னட்டைக்கூடச் சொல்லேல்லை.”

முத்துலிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சிற்றம்பலத்தாருடைய இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“எழும்புங்கோ சம்பந்தி. இனிப் பிந்தக்கூடாது. இண்டைக்கே கொழும்புக்கு ரயில் எடுப்பம். இடமெல்லாம் எனக்குத் தெரியும்.”

“பொம்பிளையை இன்னும் பாக்கேல்லையே!” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

“நீ பார். நான் போயிட்டு வந்து பாக்கிறன்” என்றார் சிற்றம்பலத்தார். “என்ரை மருமேளின்ரை முகம் எனக்கு வடிவாத் தெரியவேணும்.”

அவர் கால் படியைத் தேடித் தடுமாறியது. விமலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.