தொண்ணூற்றாறு கிலோமீட்டர், ஒரு குதிரைக்குட்டி

பிறந்து இரண்டு நாளான குதிரைக்குட்டியைத் திருத்தணிப் பக்கமிருந்து சென்னைக்கு எப்படிக் கொண்டு போவது என்று இந்த வலைப்பூவுக்கு மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். நான் போனது 2008 ஐப்பசியில், நல்ல மழைக்காலத்தில். என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில். நிலத்தோடு, கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காக மல்லி என்றொரு குதிரையும் வைத்திருக்கிறோம். மல்லிக்கு அது தலைப்பிரசவம். எங்கள் வீட்டில் மாடு ஈன்றால் சீம்பாலை முதலில் திருத்தணி முருகன் மலையடிவாரத்துப் படியில் ஊற்றிவிட்டு வந்துதான் கன்றை ஊட்டவிடுவது. பசுவுக்குக் கறந்தது போக நிறைய மிஞ்சும். குதிரைக்கு அவ்வளவு சுரக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. காலை ஐந்தரைக்குக் குட்டி விழுந்தது. நைனா, அதாவது அப்பா, சொன்னார் என்று குட்டியின் வாயைத் துணியால் கட்டினேன். சொம்பு பாதிகூட நிறையவில்லையே என்று விடாமல் இழுத்து இழுத்துக் கறந்தேன். அன்றைக்குக் கிருத்திகை, அடிவாரத்தில் ஏகக் கூட்டம். ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டரை. அதற்குப் பிறகுதான் குட்டியின் வாய்க்கட்டை அவிழ்த்தேன்.

மூன்றாம் நாள் காலை குட்டி எழவில்லை. நாக்கு ஜில்லென்றிருந்தது, முழங்கால் மட்டும் வீங்கிக் கொதித்தது. ஏழு மணிக்கு வந்த கால்நடை டாக்டர் குளுக்கோஸ் ஏற்றியபடியே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சீம்பால் குடிச்சுதாம்மா?" நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் மாறிப்போனது. குதிரைக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி முழுக்க அந்த முதல் பாலில்தான் வருகிறதாம். அரை நாள் தாண்டினால் குடித்தும் பெரிதாகப் பயனில்லையாம். "உடனே சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தாயையும் ஏத்துங்க, அது ரத்தம் வேணும்" என்றார்.

நைனா வாசலில் நின்றுகொண்டு, "சாமிக்குக் குடுத்தாச்சு, அவரு பாத்துக்குவாரு. இந்த மழைல எங்க இழுத்துகினு போறே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சாமி பாக்கட்டும், நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா புருஷன் பாவாவிடம் சொந்தமாக டெம்போ இருக்கிறது. டீசலுக்கு 540 ரூபாய் ஆனது. 9.10க்குக் கிளம்பினோம். மேலே தார்ப்பாய் கட்டி, தளத்தில் முழங்கால் உயரம் வைக்கோல் போட்டு, மல்லிக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு வைத்தோம். குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே உட்கார்ந்தேன். திருத்தணி தாண்டியதும் சாரல் அடிக்கிறதே என்று குட்டியைப் போர்வையால் முழுக்க மூடினேன். கண்ணில் குட்டி படாமல் போனதும் மல்லி வண்டியே ஆடுகிற மாதிரி உதைக்க ஆரம்பித்துவிட்டது. போர்வையை எடுத்த பிறகுதான் அடங்கியது.

திருவள்ளூரை எட்டும்போது 10.50. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிக் குட்டிக்கு இரண்டு பக்கமும் வைக்கலாம் என்று ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, செத்துகினு கீற உசுர ஊர் ஊரா இட்டுகினு போறீங்க?"

"இன்னும் சாவல இல்ல? வெந்நி ஊத்துங்க."

பாவா சிரித்துவிட்டார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினார், ஆனால் காசு வாங்கவில்லை. பூந்தமல்லி நெரிசலில் நாற்பது நிமிஷம் போனது. குட்டி மூச்சு விடுகிறதா என்று வயிற்றில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் 1.15. மீட்டரில் 96 கிலோமீட்டர்.

அங்கிருந்த டாக்டரம்மா சோதித்துவிட்டு, "ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி சுத்தமா இல்ல. நம்பிக்கை ரொம்பக் கம்மி" என்றார். "கம்மிதானே மேடம், இல்லன்னு சொல்லலையே" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். மல்லியிடமிருந்து ரத்தம் எடுத்து, அதில் தெளிந்து நிற்கும் நீரை மட்டும் பிரித்துக் குட்டிக்கு ஏற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன், வயிற்றுக்கு ஒரு குழாய், தலைக்கு மேலே சூடு தரும் விளக்கு. இரண்டு மணிக்கொரு தடவை மல்லியைக் கறந்து குழாய் வழியாகப் பால் விடவேண்டும், புண் வராமல் புரட்டிப் போடவேண்டும். அது எங்கள் வேலை. "கௌரி, போய் ஒரு மணி நேரம் படு" என்று பாவா கெஞ்சிப் பார்த்தார். கறந்து கெடுத்தது என் கை, கறந்து காப்பாற்றுவதும் அதே கையாகத்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த நான்காம் நாள் காலையில் குட்டி முன்னங்காலை ஊன்றியது, விழுந்தது, மறுபடி ஊன்றியது. மூன்றாவது தடவை நின்றுவிட்டது. நான் சத்தம் போட்டு அழுதேன். பதினோராம் நாள் ஊர் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். விடிந்ததும் கிளம்புங்கள், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தாயின் கண்ணிலிருந்து குட்டியை மறைக்காதீர்கள். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டியின் வாயில் பாலை ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் குடிக்கவில்லையென்றால் யாரையும் கலந்து பேசிக்கொண்டு நிற்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முதல் பாலைக் கொடுத்ததால்தான் முருகன் காப்பாற்றினார் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. கொடுத்ததால்தான் சாகக் கிடந்தது.

போன மாதம் மல்லி மறுபடி ஈன்றது. விடியற்காலை நைனா சொம்போடு கொட்டகைக்கு வந்தார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"சாமி கோச்சிக்கும்மா."

"சாமியோட கோவமே தணிஞ்ச மலை நைனா இது. குட்டி குடிச்சதுக்கா மறுபடியும் கோவம் வரும்? வந்தா என் மேல வரட்டும்."

அவர் சொம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உள்ளே குட்டி தட்டுத் தடுமாறி எழுந்து, மடியைத் தேடிப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தது. அது குடித்து முடிக்கும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.