காவலாளி பார்க்க வந்த படம்

இது நடந்தது. கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். நீங்கள் நம்பத் தயங்கினால் உங்கள்மேல் தப்பில்லை. 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று திரையில் போட்டுவிட்டு, அதற்குள் பொய்யை வைத்துக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் இப்போது "இது சத்தியமாக நடந்தது" என்கிறேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என் பெயர் ஹேமலதா. சினிமாவுக்கு வசனம் எழுதுகிறேன். பிறந்தது புதுச்சேரி, பிழைப்பது சென்னையில். போன வருடம் நான் எழுதிய ஒரு படம் நன்றாக ஓடியது. பெயர் வேண்டாம். 'கட்டாயம் பார்க்க வேண்டிய உண்மைக் கதைப் படங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் அந்தப் படம் இருந்தது.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன மெத்தை கம்பெனி இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் ராத்திரி அங்கே தீப்பிடித்தது. நைட் ஷிஃப்டில் ஏழு பெண்கள். பின்பக்கக் கதவை முதலாளி வெளியே பூட்டச் சொல்லியிருந்தார். வாட்ச்மேன் கலியமூர்த்தி அந்தப் பூட்டைத் திறந்தார். ஒரு கோணிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி மேலே போர்த்திக்கொண்டு உள்ளே போனார். ஆறு பேரை வெளியே கொண்டுவந்தார். ஏழாவது பெண்ணைத் தேடித் திரும்பவும் உள்ளே போனவர் வரவில்லை.

இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி செல்வாம்பாள். உழவர்கரையில் ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. நான் போனபோது டீ போட்டுக் கொடுத்தார். மகள் தீபலட்சுமி சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நடந்தத அப்படியே எழுதுங்கம்மா. அது போதும்" என்றார் செல்வாம்பாள்.

அப்படித்தான் எழுதினேன். இயக்குநர் விஜயராகவன் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "படம் பாக்குறவனுக்கு யார்மேலயாவது கோவம் வரணும் ஹேமா. முதலாளியத் தொட்டா கேஸ் போடுவான். வாட்ச்மேன் செத்துட்டான், அவன் வந்து கேக்கப் போறதில்ல."

ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். என் படத்தில் வாட்ச்மேன் குடித்துவிட்டுத் தூங்குகிறான். சாவி அவன் பையில் இருக்கிறது. உள்ளே பெண்கள் கதவைத் தட்டுகிறார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினோம். ஊருக்குத் தெரியாதா என்ன?

சாக்குக் காட்சியை நானே வெட்டினேன்.

படம் வந்து நாலாவது வாரம் அம்மாவைப் பார்க்கப் புதுச்சேரி வந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை. என் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து என் படத்தைப் பார்க்க ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஒரு பழைய தியேட்டரில் இரண்டரை மணி ஆட்டத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. அங்கங்கே இருபது பேர் இருக்கலாம். கடைசிக்கு முந்தின வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைகள் எல்லாம் காலி.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. காக்கிச் சட்டை. தியேட்டர் ஆள் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் அடித்தார். பிறகு பக்கச் சுவரில் இருந்த வெளியேறும் கதவின்மேல் அடித்தார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அணைத்தார். வந்து எனக்கு ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

ஏதோ கருகிய வாசனை. ரப்பர் எரிந்தால் வருமே, அது.

"இது நெசமா நடந்த கதையாம்மா?"

திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமாங்க."

"எல்லாமேவா?"

கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் நான், "ஆமா... எல்லாமேதான்" என்றேன்.

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

திரையில் அந்தக் காட்சி வந்தது. வாட்ச்மேன் பாட்டிலை உருட்டிவிட்டுச் சாய்கிறான். முன்னால் யாரோ, "த்தூ... இவன்லாம் ஒரு மனுசனா" என்று கத்தினார்கள். இன்னொருவர் கெட்ட வார்த்தை சொன்னார். அந்த வசனங்களை எழுதும்போது இப்படிக் கத்துவார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பு கூசியது.

மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன்.

திரையில் தீ எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இருக்கைகள் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. என் கைகூடச் சிவப்பாகத் தெரிந்தது. அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழவில்லை.

சொட்... சொட்...

தண்ணீர் சொட்டும் சத்தம். குனிந்து பார்த்தேன். அவர் காலடியில் தரை ஈரம்.

அவர் தோளில் என்னவோ கிடந்தது. துண்டு என்று நினைத்தேன்.

துண்டு இல்லை.

கோணிச் சாக்கு.

எழுந்திருக்க நினைத்தேன். அதே நேரத்தில் திரை அணைந்தது. இருட்டு. நாலு பேர் விசில் அடித்தார்கள். படத்தில் புகை வரும் காட்சிதானே... அதனால் நிஜப் புகை வந்தது யாருக்கும் உடனே தெரியவில்லை.

யாரோ இருமினார்கள்.

பிறகு இன்னொருவர்.

"பொகை! ஐயோ, நெசமாவே பொகை!"

நாங்கள் வந்த வாசல் பக்கமிருந்துதான் புகை வந்தது. எல்லோரும் பக்கக் கதவுக்கு ஓடினார்கள். சங்கிலி குலுங்கும் சத்தம். "பூட்டியிருக்குடா!" என்று ஒரு குரல் கிழிந்தது. கைகள் கதவைத் தட்டின. தட்... தட்... தட்... நான் எழுதிய அதே சத்தம்.

பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம். ஆள் இல்லை.

கதவருகே டார்ச் எரிந்தது. சாவி திரும்பும் சத்தம். சங்கிலி விழுந்தது. பகல் வெளிச்சம் கோடாக உள்ளே வந்தது.

"தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா போங்க. நான் கடசியா வரேன்."

அதே குரல்.

எல்லோரும் போனார்கள். நானும் ஓடினேன். கால் இடறி இருக்கைகளுக்கு நடுவே விழுந்தேன். நெற்றியில் அடி. புகை தரைவரை இறங்கிவிட்டது. கத்தினேன்... சத்தம் வரவில்லை.

வெளியே போன டார்ச் வெளிச்சம்...

திரும்பி வந்தது.

வரிசை வரிசையாக.

என்னைத் தேடி.

"இருக்கியாம்மா?"

என்மேல் ஈரமாக ஏதோ விழுந்து மூடியது. ஒரு கை என் கையைப் பிடித்தது. பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த கை. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

இருமல்தான் வந்தது.

வெளியே தெருவில் கண் விழித்தேன். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். மணி நாலு இருபது என்று ஒருவர் போலீசுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் பெரிய காயம் இல்லை. மின்கசிவாம். தியேட்டர் மேனேஜர் கிருஷ்ணசாமி திறந்த பூட்டைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டார்ச் வெச்சிருந்த உங்க ஆள் எங்க சார்?" என்று கேட்டேன்.

"எந்த ஆளு? மத்தியான ஆட்டத்துக்கு உள்ள ஆளே போடறதில்லம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பூட்டுக்கு எங்ககிட்ட சாவியே இல்ல. தொலஞ்சி ஒரு வருசம் ஆவுது" என்றார்.

என் துப்பட்டா நனைந்திருந்தது. அதில் சணல் நார் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் உழவர்கரைக்குப் போனேன். கதவைத் திறந்த தீபலட்சுமி என்னைப் பார்த்ததும் நகரவில்லை.

"இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு? குடிகாரன் பொண்ணுன்னு கடையில பேசுறாங்க. வேலைக்கே போறதில்ல நான். போதுமா?"

வாசலிலேயே நின்றேன்.

உள்ளேயிருந்து செல்வாம்பாள், "வரட்டும் உடு" என்றார்.

அவர் கையில் கட்டு. எதிரே தரையில் உட்கார்ந்தேன். "நான் பொய் எழுதிட்டேம்மா" என்றேன். "அவர் குடிக்கல, தூங்கல, கதவத் தொறந்தாருன்னு பேரப் போட்டு எழுதப் போறேன். பேப்பர்ல, எங்க முடியுமோ அங்க எல்லாம்." நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அந்தத் தியேட்டர் தீ பத்தித் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

நான் அங்கே இருந்ததை இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"நான் அங்கதாம்மா இருந்தேன். போவாதன்னு இவ சொன்னா. ஊரே பாத்துட்டு அவரத் திட்டுது, நான் பாக்க வேணாமா? முன்னாடி உக்காந்திருந்தேன். அவங்க காறித் துப்புனதெல்லாம் என் முதுகுல வுழுந்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் பொகை. கால் வரல. ஒரு கை வந்து என் கையப் புடிச்சுது. ஈரக் கை. இருவத்தெட்டு வருசம் புடிச்ச கை எனக்குத் தெரியாதா?"

தீபலட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுனா சொன்னாரா?" என்றேன்.

"தெருவுல கொண்டாந்து உட்டாரு. போவாதீங்கன்னு சட்டையப் புடிச்சேன். ஒண்ணே ஒண்ணு கேட்டாரு."

"என்ன?"

"'எழுதுன பொண்ணு வெளிய வந்துடுச்சா'ன்னு."

தீபலட்சுமி சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அவங்க மெட்ராஸ்ல இருப்பாங்க, இங்க ஏன் வராங்கன்னு சொன்னேன். கேக்கல..."

செல்வாம்பாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கைய உதறிட்டுத் திரும்ப உள்ள போயிட்டாரு."