மண்ணிலிருந்து சிமெண்டுக்கு

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். அங்கே ஆண்டுக்கு இரண்டே சீசன். ஆயுதபூஜை வரை கோ-கோ, அதற்கப்புறம் பாஸ்கெட்பால். தசரா லீவு விடுவதற்கு முன் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்கும் விசிலுக்கும் குங்குமம் வைத்து ஒரு பூசணிக்காய் உடைப்போம். அன்றைக்கே கோ-கோ கம்பங்கள் இரண்டையும் பிடுங்கி அறைக்குள் போட்டுவிடுவேன். ஆட்டம்தான் மாறும், ஆடுகிறவர்கள் மாறமாட்டார்கள். அதே பன்னிரண்டு பெண்கள். நாலு மாதம் மண்ணில் வெறுங்காலோடு ஓடியவர்கள், லீவு முடிந்து வந்ததும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு சிமெண்டில் குதிக்க வேண்டும்.

அப்படி மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் வாரம் புல்லில் ஓட விட வேண்டும், அடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிமெண்ட், குதிப்பது கடைசியில். பயிற்சிக் கல்லூரியில் இதை எழுதித்தான் நான் பாஸ் செய்தேன். அந்த வருடம் நான் கொடுத்தது மூன்று நாள். நாலாவது நாள் எல்லோரும் கோர்ட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. கோ-கோவில் கடைசி நிமிடத்தில் தோற்றிருந்தோம், எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோ-கோ ஆடிய பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. அந்த ஆட்டத்தில் துரத்துகிறவள் ஒரு பக்கம் கிளம்பிவிட்டால் நடுவில் திரும்பக் கூடாது. பாஸ்கெட்பாலில் பந்து பறிபோன அந்த நொடியே திரும்ப வேண்டும். இவர்கள் திரும்பமாட்டார்கள். பந்து பின்னால் போய்க்கொண்டிருக்கும், இவர்கள் முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். "ஜம்பு சவாரி யானையா நீ? நேரா பன்னிமண்டபத்துக்கே போயிடுவியா?" என்று கத்துவேன். தசரா ஊர்வல யானை அரண்மனையிலிருந்து கிளம்பினால் அங்கே போய்த்தான் நிற்கும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் திரும்பாதவளின் கெண்டைக்காலில் ஸ்கிப்பிங் கயிறு விழும். அதை அடி என்று நான் நினைத்ததில்லை. ஞாபகப்படுத்துகிறேன் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். வலிக்கத்தான் செய்யும். மண்ணுக்குப் பழகிய கால் சிமெண்டில் வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். நான் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இது மைசூர் பாக் கால். தொட்டா உதிர்ந்துடும், யாரும் கிட்ட போகாதீங்க" என்றேன். அன்றிலிருந்து அவள் பெயரே அதுவாகிவிட்டது. காரிடாரில் போனால்கூட யாராவது மைசூர் பாக் என்பார்கள். ஒரு வாரத்தில் அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் என்னிடம் வலி என்று சொல்லவில்லை. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

டீமில் உயரமானவள் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு தமிழ்ப் பெண். பெற்றோர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஹனூர்ப் பக்கம் மார்டள்ளி கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். பத்தாவது பரீட்சை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் மைசூரில் தங்கிப் படிக்க ஒரே வழி, விளையாட்டுக்காக ஏதாவது ஒரு கல்லூரி பி.யூ.சி. சீட்டும் ஹாஸ்டலும் கொடுப்பது. டிசம்பரில் நடக்கும் டிவிஷன் மேட்சுகளுக்கு அப்படிச் சீட் கொடுக்க ஆள் தேடி ஒரு கல்லூரிக் கோச் வருவார். இது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அவளை எப்படி வேண்டுமானாலும் ஓட வைக்க எனக்குக் கிடைத்த சாவியே அதுதான்.

மேட்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் நடையில் ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தது. மாலையில் மற்றவர்கள் போன பிறகு அவளைப் படியில் உட்காரவைத்து, சாக்ஸைக் கீழே இறக்கினேன். பொதுவான வலி என்றால் எலும்பு நெடுக வலிக்கும். ஒரே இடத்தில் விரல் வைத்ததும் உயிர் போகிறது என்றால் அது வேறு, எலும்பில் விரிசல். இதுவும் நான் எழுதிப் பாஸ் செய்ததுதான். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அவள் உடம்பு மொத்தமும் விறைத்தது.

"வலிக்குதா?"

"ஏனூ இல்ல மிஸ், ஒண்ணுமில்ல. கூச்சமா இருக்கு."

கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. நான் இன்னொரு தடவை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அவள் எதுவரை பொறுப்பாள் என்று பார்க்க ஆசைப்பட்டிருப்பேன். அவள் சிரித்தாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிவிட்டு, "மேல சாக்ஸ நல்லா இழுத்து விட்டுக்கோ. வெளிய தெரிய வேண்டாம்" என்றேன். "சரி மிஸ், தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

அந்தப் பத்து நாளும் அவளை நான் ஓட்டினேன். தினமும் காலையில் பேண்டேஜ் கட்டுவதும் நான்தான்.

மேட்ச் அன்று முதல் பாதியில் நாங்கள் எடுத்த பதினெட்டுப் பாயிண்டில் பதினொன்று அவளுடையது. இடைவேளையில் அந்தக் கல்லூரிக் கோச் டீ டம்ளரோடு என்னிடம் வந்தார். "அந்த உயரமான பொண்ணு பத்தாவதா? சீட் நான் பேசிடறேன். மேட்ச் முடிஞ்சதும் வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். கன்னடத்தில் இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அவள் பத்தடி தள்ளி, தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடத்தில் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி அவள் ஆடியே ஆக வேண்டும் என்பதில்லை. பெஞ்சில் உட்காரவைத்திருந்தால் போதும். நாங்கள் நாலு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். சொன்னால் கொஞ்சம் அசந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் போய், "கோச் பாத்துக்கிட்டே இருக்காரு. இன்னும் ஒண்ணும் சொல்லல. இப்பதான் நீ காட்டணும்" என்றேன். அவள் எழுந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எல்லோருக்கும் மேலே எழும்பிப் பிடித்து, திரும்பக் குதித்துப் போட்டாள். இறங்கும்போது அந்தக் கால் மடங்கியது. காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பெஞ்சு வரை கேட்டது. என் கண் முதலில் போனது ஸ்கோர் பலகைக்கு. ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். கத்தவில்லை. கீழே கிடந்தபடியே கழுத்தைத் திருப்பி, கோச் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தேடினாள். அவர் எழுந்து நின்று பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடைந்த காலுக்கு யாரும் சீட் கொடுப்பதில்லை. நாங்கள் ஜெயித்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இந்த விரிசல் மூன்று வாரப் பழசு, அதன்மேல்தான் இன்றைக்கு உடைந்திருக்கிறது என்றார். கத்தரித்து எடுத்த பேண்டேஜைக் காட்டி இதை யார் கட்டியது என்று கேட்டார். "நானே கட்டிக்கிட்டேன்" என்றாள் அவள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கைவரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டு மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"மூணு வாரமா வலிய மறச்சு வச்சிருக்கயே, பாவி. டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க நிறுத்தியிருக்க மாட்டாங்களா?" பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கப் பாத்தா. நா மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க."

"பரவால்லம்மா, குழந்தய அடிக்காதீங்க" என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி அதைச் சொன்னேன். குரல்கூடத் தடுமாறவில்லை. அந்த அம்மா மாவுக்கட்டுப் போட யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரிக்க வெளியே போனார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், கோச் என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

கேட்டார் என்று சொன்னால், எப்போது கேட்டார் என்பாள்.

"இல்லம்மா," என்றேன். "கேக்கல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட் ஹாஃப்ல இன்னும் கொஞ்சம் நல்லா ஆடியிருக்கணும் மிஸ்."

ஆமாம் என்றேன்.